பந்தயத்துக்கு முன் ஹெச்.எஃப். ரேடியோ: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

சிட்னி–ஹோபார்ட் பாய்மரப் படகுப் பந்தயம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 அன்று சிட்னி துறைமுகத்திலிருந்து தாஸ்மேனியத் தீவின் ஹோபார்ட்டுக்குக் கிளம்புகிறது. தூரம் 628 கடல் மைல். வி.ஹெச்.எஃப். ரேடியோ ஏறக்குறைய பார்வைக்கு எட்டும் தூரம் வரைதான் போகும். தாஸ்மேனியாவுக்கு முன் வரும் பாஸ் நீரிணையின் நடுவில் இருந்துகொண்டு மொத்தப் படகுக் கூட்டத்தோடும் ஒரே நேரத்தில் பேச வேண்டுமென்றால், எஸ்.எஸ்.பி. என்று படகுக்காரர்கள் சொல்லும் ஹெச்.எஃப். ரேடியோ தேவை.

1998 பந்தயத்தில் 115 படகுகள் கிளம்பின, 44 மட்டுமே ஹோபார்ட் போய்ச் சேர்ந்தன. ஆறு பேர் இறந்தார்கள், ஐந்து படகுகள் மூழ்கின, 55 பேரைக் கடலிலிருந்து மீட்டார்கள். டிசம்பர் 27 பிற்பகல், எல்லாப் படகுகளும் தங்கள் இடத்தைச் சொல்லும் ரேடியோ நேரத்தில், 'சோர்ட் ஆஃப் ஓரியன்' படகு இடத்தோடு நிறுத்தவில்லை. காற்று 78 நாட் (மணிக்கு 78 கடல் மைல்) வரை வீசுகிறது என்பதையும் சொன்னது. அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிய படகுகள் உண்டு. தன் ரேடியோவில் அந்த நேரம் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தால் ஒரு படகுக்கு அந்தச் செய்தி கிடைத்திருக்காது. அதனால்தான் பேசுவதற்குச் சமமாகக் கேட்பதையும் சோதிக்கச் சொல்கிறேன்.

அந்த ஆண்டுக்குப் பிறகு வந்த ஏற்பாடுகளில் ஒன்று கிரீன் கேப் அறிவிப்பு. நியூ சவுத் வேல்ஸின் தென்கோடியில், பாஸ் நீரிணைக்குள் நுழையும் முன், படகும் ஆட்களும் ரேடியோவும் சரியாக இருப்பதாக ஒவ்வொரு படகும் சொல்லியாக வேண்டும். 2010-ல் முதலில் ஹோபார்ட் சேர்ந்த 'வைல்ட் ஓட்ஸ் லெவன்' படகின் மீதே, அந்த அறிவிப்பை ஹெச்.எஃப். வழியாகச் சொல்லவில்லை என்று போட்டிக் குழு புகார் எழுப்பியது. விசாரணையில் அது தள்ளுபடியானது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் ஆண்டின் பந்தய விதி அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள். ரேடியோ கெடும் விதம் மட்டும் மாறுவதில்லை.

எந்த நிலையில் சோதிப்பது

பல படகுகளின் ரேடியோ, சோதனையில் தேறிவிட்டு கடலில் தோற்பது இந்த ஒரு விஷயத்தால்தான். சிட்னியின் ரஷ்கட்டர்ஸ் பே மரீனாவில் (படகுத் துறையில்) கட்டியிருக்கும்போது கரை மின்சாரம் ஓடுகிறது, சார்ஜர் பேட்டரியை 14 வோல்ட்டில் வைத்திருக்கிறது, விளக்குகள் அணைந்திருக்கின்றன, படகு நேராக நிற்கிறது, நேரம் பகல் பதினொரு மணி. நான்கு படகு தள்ளி இருக்கும் நண்பர் "நன்றாகக் கேட்கிறது" என்கிறார். அவ்வளவு பக்கத்தில் ஆன்டெனாவே இல்லாத ரேடியோவும் கேட்கும். அந்தப் பதிலுக்கு மதிப்பே இல்லை.

கரை மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, முடிந்தால் துறைமுகத்துக்கு வெளியே போய்ச் சோதியுங்கள். என்ஜின் நின்றிருக்க வேண்டும். பேட்டரி அரை இரவு வேலை செய்து களைத்திருக்க வேண்டும். ஆட்டோபைலட், கம்ப்யூட்டர், உச்சி விளக்கு என்று பந்தய இரவில் எரிவதெல்லாம் எரியட்டும். எதிர்முனை, அதாவது பதில் சொல்லும் நிலையம், குறைந்தது 200 மைல் தள்ளி இருக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு அறிகுறியையும் இந்த நிலையில்தான் தேட வேண்டும்.

இரைச்சல்தான் வருகிறது, குரல் வரவில்லை

முதலில் குமிழ்கள்: ஸ்குவெல்ச் (இரைச்சலை அடக்கும் குமிழ்) திறந்திருக்கிறதா, ஆர்.எஃப். கெயின் (கேட்கும் திறன்) முழுதாக இருக்கிறதா, மோடு யு.எஸ்.பி.யில் (அப்பர் சைட்பேண்ட்) இருக்கிறதா. குரல் கீச்சுக் கீச்சென்றோ, குழறியோ வந்தால் மோடு எல்.எஸ்.பி.க்கு (லோயர் சைட்பேண்ட்) மாறியிருக்கும், அல்லது அலைவரிசை கொஞ்சம் விலகியிருக்கும். அதற்காக எந்தப் பெட்டியையும் திறக்காதீர்கள்.

பிறகு, எப்போதும் பேசிக்கொண்டிருக்கும் ஒரு நிலையத்தைத் தேடுங்கள். குவீன்ஸ்லாந்தின் சார்லவில்லிலிருந்து வி.எம்.சி. நிலையம் ஆஸ்திரேலிய வானிலைத் துறையின் கடல் அறிக்கைகளைக் குரலில் ஒலிபரப்புகிறது. பகலில் 4426, 8176, 12365, 16546 கிலோஹெர்ட்ஸ். இரவில் 2201, 6507, 8176, 12365. சிட்னியிலிருந்து சார்லவில் ஏறத்தாழ 950 கிலோமீட்டர். பகலில் 8176-ல் அது தெளிவாக வராவிட்டால் கோளாறு உங்கள் படகில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னும் தொலைவிலிருந்து ஒன்று வேண்டுமென்றால், ஹவாயின் கவாய் தீவிலிருந்து நேரம் சொல்லும் டபிள்யூ.டபிள்யூ.வி.ஹெச். நிலையத்தை 10 அல்லது 15 மெகாஹெர்ட்ஸில் தேடுங்கள். அதில் பெண் குரல் வரும்.

நிலையம் இருக்கிறது, ஆனால் இரைச்சலுக்குள் புதைந்திருக்கிறது என்றால், பிரேக்கர் பலகைக்குப் போங்கள். ஒருவர் ரேடியோவின் சிக்னல் மீட்டரைப் பார்க்கட்டும், இன்னொருவர் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைக்கட்டும். எதை அணைத்ததும் முள் சட்டென்று இறங்குகிறதோ அதுதான் ஆள். ரேடியோவைத் தவிர எல்லாம் அணைந்த பிறகும் இரைச்சல் குறையவில்லை என்றால் அது பக்கத்துப் படகின் சார்ஜராக இருக்கலாம். மரீனாவை விட்டு வெளியேறிப் பாருங்கள்.

இரைச்சலின் குணமே பாதி விடையைச் சொல்லிவிடும். என்ஜின் வேகத்தோடு சுருதி ஏறி இறங்கினால் ஆல்டர்னேட்டர். சோலார் பலகையைத் துணியால் மூடியதும் நின்றால் சோலார் ரெகுலேட்டர். 'டிக் டிக்' என்று விட்டுவிட்டு வந்தால் ஃபிரிட்ஜ் கம்ப்ரசர். லேப்டாப் சார்ஜரும் சீன மலிவு இன்வெர்ட்டரும் எல்லா அலைவரிசைகளிலும் சீராக உறுமும்.

இரவில் மட்டும் வரும் இரைச்சலுக்குத் தனியாக ஒரு பத்தி தருகிறேன். பாய்மர உச்சியில் இருக்கும் எல்.இ.டி. விளக்கை யாரும் பகலில் போடுவதில்லை. அதற்குள் இருக்கும் மின்னழுத்தம் மாற்றும் சிறு சுற்று, உங்கள் ஆன்டெனாவின் உச்சிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இரைச்சலை எழுப்பும். பகலில் எத்தனை முறை சோதித்தாலும் இது அகப்படாது. விளக்கைப் போட்டு ஒருமுறை, அணைத்து ஒருமுறை கேளுங்கள். வித்தியாசம் இருந்தால் அந்த விளக்கை மாற்றுவதே சரி. மற்றச் சாதனங்களுக்கு, வயரில் வரும் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் போதும். ஹெச்.எஃப்.-க்கு 31 என்ற கலவை எண் கொண்டதை வாங்கி, அதற்குள் வயரை ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். சும்மா மாட்டிவைத்த ஒரு வளையம் பெரிதாக எதையும் செய்யாது.

நமக்குக் கேட்கிறது, நம்மை யாரும் கேட்கவில்லை

பெரும்பாலும் கோளாறு பேட்டரி வயரில் இருக்கும். ஆனால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது ரேடியோவை.

150 வாட் ரேடியோ கேட்கும்போது இரண்டு மூன்று ஆம்ப் மட்டும் இழுக்கும். பேசும்போது குரலின் உச்சியில் 30 ஆம்ப் வரை இழுக்கும். கேட்பதற்கு எந்த மெல்லிய வயரும் போதும், பேசத்தான் போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரியிலிருந்து ரேடியோவுக்கு ஐந்து மீட்டர் என்றால் போகவரப் பத்து மீட்டர். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 30 ஆம்ப் ஓடினால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வயரிலேயே போய்விடும். 16 சதுர மில்லிமீட்டர் என்றால் மூன்றில் ஒரு வோல்ட்தான். இதோடு துருப்பிடித்த ஒரு லக் (வயரின் முனை வளையம்), தளர்ந்த ஒரு ஃபியூஸ் தாங்கி சேர்ந்தால் இன்னொரு வோல்ட் காணாமல் போகும். 13.6 வோல்ட்டுக்கு வடிவமைத்த ரேடியோ, வாசலில் 11.5-க்குக் கீழே போனால் குரல் நடுங்கும், உடையும், சில நேரம் திரையே அணைந்து எரியும்.

அளக்க வேண்டிய இடம் ரேடியோவின் பின்பக்க முனை. பேட்டரியின் முனையில் அளந்தால் எதுவும் தெரியாது. மல்டிமீட்டரை அங்கே வைத்துக்கொண்டு, மைக்கில் நீட்டி "ஹலோ" சொல்லுங்கள், அல்லது விசிலடியுங்கள். அதற்கு முன் அந்த அலைவரிசையில் யாரும் பேசவில்லை என்று கேட்டு உறுதி செய்து, படகின் பெயரைச் சொல்லிவிடுங்கள். இரண்டு நொடியில் முடித்துவிடலாம். என்ஜின் ஓடும்போது நன்றாகப் போகிறது, நின்றதும் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் மீட்டரை எடுக்கும் முன்பே விடை தெரிந்துவிட்டது.

மின்னழுத்தம் சரியாக இருந்தால் மின்னோட்டத்தைப் பாருங்கள். நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பாசிட்டிவ் வயரில் மாட்டி விசிலடித்தால் 20 ஆம்ப்புக்கு மேல் எகிற வேண்டும். நான்கைந்தோடு நின்றால் மைக், மைக் வயர், மைக் கெயின் ஆகியவற்றைத் தேடுங்கள். குறைந்த பவர் நிலையில் வைத்து மறந்திருப்பதும் உண்டு.

மின்னோட்டம் நன்றாக எகிறுகிறது, ஆனாலும் யாருக்கும் கேட்கவில்லை. அப்படியானால் பவர் வெளியே வருகிறது, வானத்துக்குப் போகவில்லை. இங்கே ஒரு கருவி உங்களை ஏமாற்றும். ரேடியோவுக்கும், ஆன்டெனாவை அதற்குப் பொருத்திவைக்கும் டியூனருக்கும் நடுவில் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (திரும்பி வரும் பவரைக் காட்டும் கருவி) வைத்தால், டியூனர் தன் வேலையைச் செய்ததும் அது அழகாக 1-க்கு 1 காட்டும். அறுந்து தொங்கும் வயருக்கும் காட்டலாம், நனைந்த இன்சுலேட்டருக்கும் (ஆன்டெனாவை மற்றக் கம்பியிலிருந்து பிரிக்கும் துண்டு) காட்டலாம். டியூனர் ரேடியோவைத் திருப்திப்படுத்துகிறது, அவ்வளவுதான். 'டியூன்' விளக்கு எரிவதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அந்திக்குப் பிறகு ஒரு பழைய குழல் விளக்கை ஆன்டெனா வயரின் பக்கத்தில், தொடாமல், பிடித்துக்கொண்டு ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். குரலுக்கு ஏற்ப மினுக்கினால் வயருக்குப் பவர் வருகிறது. பேசும்போது பேக்ஸ்டேயை (பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பி, பெரும்பாலும் இதுதான் ஆன்டெனா) யாரும் தொடக் கூடாது, தோல் வெந்துவிடும்.

மினுக்கவில்லை என்றால் டியூனரிலிருந்து மேலே போகும் வயரைப் பின்தொடருங்கள். ஜி.டி.ஓ.-15 என்று கடையில் கேட்டு வாங்கும் உயரழுத்த வயர் பேக்ஸ்டேயோடு சேரும் கிளாம்ப்தான் முதல் சந்தேகம். டேப்பை உரித்துப் பாருங்கள். உள்ளே இழைகள் கறுத்திருந்தால், பளிச்சென்ற செம்பு வரும் வரை வெட்டித் தள்ளிவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள். அடுத்தது இன்சுலேட்டர். ஒரு வாளி கடல்நீரை அதன்மேல் ஊற்றி, ஊற்றும் முன்னும் பின்னும் எதிர்முனையில் கேட்டு ஒப்பிடுங்கள். மல்டிமீட்டரின் ஒன்பது வோல்ட்டுக்குத் தெரியாத கசிவு, ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும் இடத்தில் வெளிப்படும். உப்புப் படிவு என்றால் நன்னீரில் கழுவினால் போதும். விரிசல் என்றால் மாற்றுங்கள். அது பாய்மரத்தைத் தாங்கும் பாகமும்கூட.

இன்றைய பந்தயப் படகுகள் பலவற்றில் பேக்ஸ்டே உலோகமே இல்லை, நார்க் கயிறு. அவற்றில் கயிற்றின் உறைக்குள் ஓடும் தனி வயரோ, பின்முனையில் நிற்கும் விப் என்ற தடி ஆன்டெனாவோதான் இருக்கும். உறைக்குள் ஓடும் வயர் அறுந்தால் வெளியே தெரியாது. இரு முனைக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள்.

ஒரே ஓர் அலைவரிசையில் மட்டும் டியூனர் பிடிக்கவில்லை

டியூனரை மாற்ற வேண்டாம், நீளத்தை அளங்கள். டியூனரின் முனையிலிருந்து மேல் இன்சுலேட்டர் வரை, ஜி.டி.ஓ. வயரையும் சேர்த்து. அந்த நீளம் அரை அலைநீளத்துக்கு நெருங்கினால் மின்தடை மிக உயர்ந்துவிடும், டியூனர் 'டக டக' என்று தேடிக்கொண்டே இருந்து கைவிடும். 8 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு அந்த ஆபத்தான நீளம் 17, 18 மீட்டர். 12 மெகாஹெர்ட்ஸுக்கு 12 மீட்டர் சுற்றி. இந்தப் பந்தயம் நெடுங்காலம் பயன்படுத்திய 4483 கிலோஹெர்ட்ஸில் அரை அலை 33 மீட்டர், அவ்வளவு நீளப் பேக்ஸ்டே சாதாரணப் படகில் இருக்காது. ஒன்றிரண்டு மீட்டர் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

எல்லா அலைவரிசையிலும் பிடிக்கவில்லை என்றால் வேறு கதை: டியூனருக்குப் போகும் கட்டுப்பாட்டு வயரின் இணைப்பி, பெட்டிக்குள் தண்ணீர், அல்லது கிரவுண்ட் (கடலோடு சேர்க்கும் இணைப்பு) அறுந்தது.

பேசும்போது ஆட்டோபைலட் திரும்புகிறது, மைக் உதட்டைச் சுடுகிறது

ஆன்டெனா பாதிதான், மற்றப் பாதி கடல். டியூனரிலிருந்து கீல் (படகின் அடியில் நீளும் கனத்த துடுப்பு), படகின் அடியிலுள்ள வெண்கலத் துளைப் பொருத்து, தண்ணீர்த் தொட்டி என்று எதையாவது பிடித்துக் கடலோடு சேர்க்கும் செம்புப் பட்டைதான் அந்த இணைப்பு. அது அறுந்தால், அல்லது மெல்லிய வட்ட வயராக இருந்தால், பவர் வேறு வழி தேடும். கோஆக்ஸின் (ரேடியோவையும் டியூனரையும் இணைக்கும் கேபிள்) வெளிப்புறம், பேட்டரி வயர், கருவிகளின் வயர், மைக், உங்கள் உதடு என்று எல்லாம் ஆன்டெனா ஆகிவிடும். ரேடியோ பெட்டியைக் கையால் தொட்டதும் சிக்னல் மாறுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

செம்புப் பட்டை கெடுவது வளைவில். அடித்தளத்தில் தேங்கும் உப்புத்தண்ணீரில் பச்சைப் பூத்து, விரலால் தொட்டால் உதிரும். குறைந்தது மூன்று அங்குல அகலத்தில், முடிந்த அளவு குட்டையாக, கூர்மடிப்பு இல்லாமல் போடுங்கள். கீலோடு நேராக இணைத்தால் மின்னரிப்பு வரும் என்று பயந்து சிலர் பட்டையையே கழற்றிவிடுகிறார்கள். பட்டையில் சிறு இடைவெளி வெட்டி, அதில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர்கள் சிலவற்றைச் சால்டர் செய்தால், நேர்மின்னோட்டம் நிற்கும், ரேடியோ அலை போகும்.

கிரவுண்ட் சரியான பிறகும் ஆட்டோபைலட் அசைந்தால், கோஆக்ஸிலும் கட்டுப்பாட்டு வயரிலும் டியூனர் பக்கம் ஃபெரைட் போடுங்கள். இதை முடிக்காமல் கிளம்புவதை நான் ஏற்க மாட்டேன். எட்டு மீட்டர் உயரக் கடல் அலையில் உதவி கேட்கப் பொத்தானை அழுத்தும் நொடியில் படகு தானாகத் திரும்பக் கூடாது.

காலையில் கிடைத்த நிலையம் மாலையில் இல்லை

இது பெரும்பாலும் கோளாறே இல்லை. 4 மெகாஹெர்ட்ஸ் பகலில் நூறு நூற்றைம்பது மைலோடு சோர்ந்துவிடும், ஏனென்றால் சூரியன் மேல்வளிமண்டலத்தில் உருவாக்கும் டி அடுக்கு அதை உறிஞ்சிவிடுகிறது. இருட்டியதும் அந்த அடுக்கு கரையும், அதே 4 மெகாஹெர்ட்ஸ் மிகத் தொலைவு போகும். 12 மெகாஹெர்ட்ஸ் இதற்கு நேர்மாறு: பகலில் ஆயிரம் மைலைத் தாண்டும், இரவில் பெரும்பாலும் செத்துவிடும். சூரியன் ஏற அலைவரிசையையும் ஏற்றுங்கள், இறங்க இறக்குங்கள்.

தொலைவில் இருப்பவர் கேட்கிறார், ஐம்பது மைலில் இருப்பவர் கேட்கவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம். வானத்தில் பட்டுத் திரும்பும் அலை அவர் தலைக்கு மேலாகத் தாண்டிப் போகிறது. அலைவரிசையைக் குறைத்துப் பாருங்கள். படகுகள் நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்குச் சிதறிவிடும் இந்தப் பந்தயத்தில், 1998-ல் 'யங் எண்டெவர்' என்ற ரேடியோக் கப்பல் கூட்டத்தோடேயே பயணம் செய்தது.

பகலில் எல்லா அலைவரிசையும் ஒரே நொடியில் ஊமையானால் சூரிய வெடிப்பாக இருக்கலாம். சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரம் போல நீடிக்கும். உயர்ந்த அலைவரிசைகள் முதலில் மீளும். அதுவரை திருப்புளியை எடுக்காதீர்கள்.

படகு சாய்ந்தால் போய்விடுகிறது

படகைச் சாய்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். 25 டிகிரி சாய்வில் போகும்போது ஒருவர் வி.எம்.சி.யைக் கேட்டுக்கொண்டிருக்கட்டும், இன்னொருவர் கோஆக்ஸ் இணைப்பி, பேட்டரி லக், ஃபியூஸ் தாங்கி, டியூனர் வயர் என்று வரிசையாக அசைக்கட்டும். கடகடவென்ற சத்தம் எங்கே வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். கிரிம்ப்பை (வயரை நசுக்கிப் பிடித்த இணைப்பு) இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் அது கிரிம்ப்பே இல்லை.

சிவப்புப் பொத்தான்

டி.எஸ்.சி. (சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஆபத்து அழைப்பைத் தானாக அனுப்பும் வசதி) உள்ள ரேடியோவில் எம்.எம்.எஸ்.ஐ. எண் (படகின் ரேடியோ அடையாள எண்) உங்கள் படகுக்குரியதா, ஜி.பி.எஸ். இடம் திரையில் வருகிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் டி.எஸ்.சி. கேட்பதற்குத் தனி ஆன்டெனா வேண்டும். அது மாட்டப்படாமலே கிடப்பது அடிக்கடி நடக்கிறது. சோதனைக்கு 'டெஸ்ட்' வகை அழைப்பு மட்டுமே. சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்க்காதீர்கள். 4125, 6215, 8291 கிலோஹெர்ட்ஸ் ஆபத்து அழைப்புக்கானவை, அரட்டைச் சோதனைக்கு அவற்றைத் தொடாதீர்கள்.

பாய்மரம் விழுந்தால்

ரேடியோ மிகவும் தேவைப்படும் நேரமும் பேக்ஸ்டே தண்ணீருக்குள் கிடக்கும் நேரமும் ஒன்றாகத்தான் வரும். வழக்கமான ஆன்டெனா பாய்மரத்தை நம்பியிருந்தால் அவசர ஆன்டெனா இருக்க வேண்டும் என்று உலகப் பாய்மர அமைப்பின் விதிகளே சொல்கின்றன. பையில் சுருட்டி வைத்திருப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

அதை மாட்டிப் பேசிப் பாருங்கள். இருட்டில், நெற்றி விளக்கோடு, ஈரக் கையோடு. முதலில் ஜி.டி.ஓ. வயரை டியூனர் முனையிலிருந்து கழற்ற வேண்டும். அதைக் கழற்றாமல் புதிய ஆன்டெனாவை மாட்டினால் பவர் முழுவதும் கடலுக்குள் கிடக்கும் கம்பிக்குத்தான் போகும். பாய்மரத்தை வெட்டித் தள்ளும்போது அந்த வயர் டியூனரையே பிடுங்கிக்கொண்டு போகவும் கூடும். எனவே வெட்டுக் கருவிகளோடு, அந்த முனைக்குப் பொருந்தும் ஸ்பானரையும் டியூனர் பக்கத்திலேயே கட்டி வையுங்கள்.

அவசர ஆன்டெனா ஏழு மீட்டர் விப் என்றால் 4 மெகாஹெர்ட்ஸுக்கு அது ரொம்பக் குட்டை. டியூனர் பிடிக்கும், ஆனால் பவரில் பெரும்பகுதி சூடாகப் போய்விடும். 8 மெகாஹெர்ட்ஸில் கால் அலை ஒன்பது மீட்டர். ஏழு மீட்டர் அதற்குக் கிட்ட வருகிறது. ஆகவே பாய்மரம் போன பிறகு பகலில் முதலில் 8-ல் கூப்பிடுங்கள், இரவில் 6, பிறகு 4. எந்த அலைவரிசையில், எத்தனை மணிக்கு, எந்த நிலையம், எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பதைச் சோதனையின்போதே ஒரு அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு ரேடியோவின் பக்கத்தில் ஒட்டுங்கள். ரேடியோ தெரிந்தவர் அடிபட்டுக் கிடந்தால், அட்டையைப் பார்த்து அடுத்தவர் பேச முடிய வேண்டும். கிளம்பும் முன் அவரையும் ஒருமுறை பேச வைத்துவிடுங்கள்.